இட்லித் தட்டில் ஒரு நட்டு

ஒரு நட்டு மிச்சம் இருக்கிறது. காப்பி டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. பழைய இட்லித் தட்டின் ஒரு குழியில், யாரோ வேண்டுமென்றே வைத்துவிட்டுப் போன மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மற்ற மூன்று குழிகளும் காலி. நாலும் காலியாக இருந்திருக்க வேண்டும். ரேணுகா வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெருமுனையில் அவள் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு நான் கை கழுவினேன், சோப்புக்குக் கிரீஸ் போகவில்லை, சமையலறையிலிருந்து கொஞ்சம் சீனி எடுத்துப் போட்டுத் தேய்த்தேன், அப்புறம் காப்பியைச் சூடு பண்ணினேன், அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, துடைத்தேன். அப்படியானால் இந்நேரம் அவள் ஊரைத் தாண்டியிருப்பாள். இந்த நட்டு வேறு எங்கிருந்தாவது வந்ததாக இருக்கலாம். ஏற்கெனவே குழியில் கிடந்த பழசாக இருக்கலாம். எடுத்துப் பார்க்கிறேன். உள்ளே நீல வளையம் உள்ள நட்டு, பதினாலாம் நம்பர். எங்கிருந்தும் வரவில்லை. காலையில் என் கையால் நான் கழற்றிய நாலில் ஒன்றுதான். மூன்றைப் போட்டிருக்கிறேன், ஒன்றைப் போடவில்லை. எதை?

பதறக் கூடாது. பதறினால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வராது, பரீட்சை மண்டபத்திலேயே அப்படித்தான். நிதானமாக யோசிக்கலாம். கழற்றியது நாலு. சைடு ஸ்டாண்டில் ஒன்று. ஷாக் அப்சார்பரின் அடியில் ஒன்று. ஷாக் அப்சார்பரையும் பின்சக்கரத்தையும் சேர்க்கும் இரும்புப் பட்டை இருக்கிறதே, லிங்க் என்பார்கள், அதன் மேல்முனையில் ஒன்று, கீழ்முனையில் ஒன்று. நாலும் ஒரே அளவு. வண்டியைச் செய்தவன் புத்திசாலி, ஒரே ஸ்பானரில் வேலை முடியட்டும் என்று நினைத்திருக்கிறான், என்னை மாதிரி ஒருத்தன் வாங்குவான் என்று நினைக்கவில்லை. ஸ்டாண்டு நட்டு என்றால் பிரச்சினை இல்லை. எங்காவது நிறுத்தும்போது வண்டி சாயும், திட்டுவாள், சாயந்தரம் போட்டுக்கொள்ளலாம். மற்ற மூன்றில் ஒன்று என்றால் போல்ட் மட்டும் உள்ளே நிற்கிறது, குலுக்கக் குலுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், முழுக்க வந்துவிட்டால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். அவள் போயிருப்பது போடிமெட்டுக்கு. ஊசிமுனை வளைவுகள். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் இடுப்பு உயரக் கட்டைச் சுவர், அதற்கப்பால் ஒன்றுமில்லை. நாலில் மூன்று பங்கு அந்தப் பக்கம், ஒரு பங்கு இந்தப் பக்கம். கணக்குப் போடாதே. கணக்கா இது.

தட்டைப் பார்த்தாலே தெரிந்துவிட வேண்டும், அதற்குத்தான் தட்டே. கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஒன்றாக வைப்பேன், போல்ட்டும் நட்டும் சோடியாக. மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்துத் திரும்பி வருவேன். ஓட்டை விழுந்த தட்டை ரேணுகா பழைய இரும்புக்குப் போட இருந்தாள், நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன், என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். சுவர்ப் பக்கம் இருக்கும் குழிதான் முதல் குழி, ஸ்டாண்டு. அங்கிருந்து வலப்பக்கமாகச் சுற்றி ஷாக், மேல் லிங்க், கீழ் லிங்க். இப்போது நட்டு இருக்கும் குழி சுவருக்கு நேர் எதிரே, கேட்டைப் பார்த்து இருக்கிறது. அப்படியானால் மேல் லிங்க். ஆனால் நில், தட்டு இப்போது இருக்கும் இடம் காலையில் இருந்த இடம் இல்லையே. தடுப்பூசி ஐஸ் பெட்டியை வெளியே கொண்டுவர ரேணுகா வழி கேட்டாள், “இந்தத் தட்ட அங்கிட்டு வைக்கட்டா?” என்று கேட்டாள், நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ம் என்றேன். அவள் எடுத்து வைத்தாள். எடுக்கும்போது திருப்பினாளா? சும்மா தூக்கி வைத்தாளா? இடது கையில் பெட்டி, வலது கையில் தட்டு, திரும்பி வைத்தால் தட்டும் அவளோடு திரும்பியிருக்கும், முழுக்கத் திரும்பியதா, பாதியா? தட்டு வட்டம். வட்டத்துக்கு முதல் குழி எது, கடைசிக் குழி எது? இத்தனை காலமும் நான் ஒரு வட்டத்தை நம்பி வேலை பார்த்திருக்கிறேன். ஒரு ஓரத்தில் ஒரு பொட்டு வைத்திருக்கலாம், ஒரு கீறல் கீறியிருக்கலாம். கடையில் மூக்குக்கண்ணாடியின் எறும்புத் தலை மாதிரி இருக்கும் திருகாணிகளை ஒன்றுகூடத் தவறவிடாமல் மாட்டுகிறவன் நான், பாதி போடிக்கு என் கடைக் கண்ணாடிதான். இங்கே கட்டைவிரல் பருமன் உள்ள நட்டைத் தவறவிட்டிருக்கிறேன்.

எங்கே தவறியது என்று தெரியும். சடகோபன் சார் போன் பண்ணினார். நேற்று என் கடையில் வாங்கிப்போன, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த இரட்டைப் பார்வைக் கண்ணாடி. “குருபரன், படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுப்பா, எந்தப் படியில கால வைக்கிறது?” என்றார். நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து, கிரீஸ் கையில் போனைப் பிடித்து, நாலு நாள் போனால் பழகிவிடும், தலையைக் குனிந்து பார்க்காமல் கண்ணை மட்டும் தாழ்த்துங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, தலையைக் குனியுங்கள் என்று சொன்னேனா? அவர் படியில் விழுந்துவிடுவாரோ? அவரை விடு. போன் வந்தபோது கையில் ஒரு போல்ட் இருந்தது. அதை உள்ளே தள்ளிவிட்டுத்தான் போனை எடுத்தேன். அது எந்த போல்ட்? கண்ணை மூடினால் போல்ட் தெரிகிறது, போல்ட்டைச் சுற்றி இருந்தது தெரியவில்லை. என்ஜினுக்கு அடியில் நான் மாட்டிய இரும்புத் தகடு முகத்துக்கு நேரே இருந்தது, கல்லடி பட்ட குழிகள் தெரிந்தன, அப்படியானால் தலை முன்னால் இருந்திருக்கிறது, அப்படியானால் ஸ்டாண்டு. அப்பாடா. ஆனால் போன் பேசும்போது பின்டயரின் ரப்பர் வாசனை வந்ததே. கட்டை கட்டையாகப் பல் உள்ள காட்டு டயர், போன மாதம் நானேதான் மாற்றினேன், புதிது என்பதால் வாசனை. அப்படியானால் தலை பின்னால் இருந்திருக்கிறது. தகடு பார்த்தது கழற்றும்போதா, வாசனை வந்தது மாட்டும்போதா? ஒரே ஆள் ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் படுத்திருக்க முடியாது. சடகோபன் சாருக்குப் படி தெரிகிற மாதிரிதான் எனக்குக் காலை தெரிகிறது.

எதற்கு இந்த வேலையில் இறங்கினேன்? வண்டியை வாங்கியது எனக்காகத்தான். ரோட்டுக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும் என்ற வண்டி. கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை மலையேறலாம், ஜீப் பாதையில் போகலாம் என்று வாங்கினேன். கைக்குக் காப்பு மாட்டினேன், ஹேண்டிலை உயர்த்தினேன், பின்னால் பெட்டி கட்ட கேரியர் வைத்தேன், மங்கலான மஞ்சள் விளக்கைக் கழற்றி வெள்ளை விளக்கு போட்டேன். எல்லாம் போட்டு முடித்து ஒரு தடவை ஏறினேன், நாலாவது வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது, பயந்து திரும்பிவிட்டேன். டயர் சரியில்லை என்று சொன்னேன். அவள் சரி என்று கேட்டுக்கொண்டாள். பிறகு அவள் எடுத்தாள். கால்நடை ஆய்வாளர் வேலை, மெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக் குடியிருப்புகளில் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும், அங்கே ஸ்கூட்டி ஏறாது. “நான் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டா?” என்றாள். அன்றோடு வண்டி அவளுடையது, அதற்கு வேலை செய்வது மட்டும் என்னுடையது. உயரம்தான் அவளுக்கு ஒத்துவரவில்லை, ஒரு கால் விரல்நுனி மட்டும்தான் எட்டும். போன மாதம் எங்கோ ஒரு வளைவில் நிறுத்தப் போய்க் கால் எட்டாமல் சாய்ந்திருக்க வேண்டும். கணுக்கால் வீங்கி வீட்டுக்கு வந்தாள். மாடு மிதித்துவிட்டது என்றாள். வண்டியின் கைக்காப்பில் புதுச் சிராய்ப்பு இருந்தது, நான் பார்த்தேன், கேட்கவில்லை. அதனால்தான் நீள லிங்க் வாங்கிப் போட்டு வண்டியின் உயரத்தைக் குறைத்தேன். இன்று காலை உட்கார்ந்து பார்த்தாள். ரெண்டு பாதமும் தரையில் பதிந்தன. “ஏங்க, ரெண்டு காலும் எட்டுதுங்க” என்று சிரித்தாள், சின்னப் பிள்ளை மாதிரி ரெண்டு காலையும் தரையில் தட்டித் தட்டிக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோசத்தில்தான் தட்டைப் பார்க்காமல் விட்டேன். அவளுக்காக என்று ஆசையாகச் செய்தது, அதுவே அவளை, இல்லை, அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம்.

போன் போடுகிறேன். அடிக்கிறது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டாள், எடுக்கக் கூடாது என்று சொன்னவனே நான்தான். மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால் என்கிறது. அப்பால் என்றால் எந்த அப்பால்? மலையடிவாரத்து முந்தலை நெருங்கும்போதும் மலை ஏறும்போதும் சில இடங்களில் சிக்னல் இருக்காது, அதுதான், வேறொன்றும் இல்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விடலாம். போகலாம்தான். சட்டையை மாட்டிவிட்டேன். ஆனால் போன தீபாவளிக்கு முன்னால் இப்படித்தான் என்ஜின் ஆயில் மூடியை இறுக்கவில்லை என்று தோன்றி, லுங்கியோடு மொபெட்டில் துரத்திக்கொண்டு போனேன். மாட்டாஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா, கம்பவுண்டர், பசுமாடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் பார்க்க, குனிந்து மூடியைத் தொட்டால் அது அசையவேயில்லை, கல் மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்தபின் ரேணுகா சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. “இனிமே இப்படித் துரத்திக்கிட்டு வராதீங்க. என்னைய நம்பலைன்னாலும் உங்க கையையாவது நம்புங்க” என்றாள். என் கையை நான் எப்படி நம்புவேன்? கடையைப் பூட்டிவிட்டு மூன்று தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிறவன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பவன். கேஸை மூடினேனா என்று தியேட்டரில் பாதிப் படத்தில் எழுந்து வந்தவன். இத்தனை தடவையும் பூட்டு பூட்டியிருந்தது, கேஸ் மூடியிருந்தது. சந்தேகம் வந்தபோதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. இன்று சந்தேகமே வரவில்லை, நட்டுதான் வந்திருக்கிறது.

நட்டின் ஒரு முகத்தில் சிவப்புக் கோடு. இறுக்கி முடித்ததும் நட்டிலும் போல்ட்டிலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுப்பேன், ரேணுகாவின் நகப் பாலிஷால். நட்டு தளர்ந்தால் கோடு ஒடிந்து தெரியும், தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். இது பழைய கோடு, போன தடவை இழுத்தது. நாலிலும் இருக்கும், அதனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்று கோடு இழுத்தேனா? இழுத்த ஞாபகம் இருக்கிறது, பாலிஷின் நெடிகூட மூக்கில் இருக்கிறது, ஆனால் அது போன தடவை நெடியாக இருந்தால்? பாலிஷ் பாட்டில் எங்கே? இங்கே காணோம். அப்படியானால் இழுக்கவில்லை. இல்லை, இழுத்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேனோ? கோட்டின் பாதி என் கையில் இருக்கிறது, மறுபாதி எங்கோ ஒரு போல்ட்டில் ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. என் சாமான்கள் எப்போதும் இப்படித்தான். பழைய பதினாலு ரிங் ஸ்பானரும் இப்படித்தான் போனது. அப்பா காலத்து ஸ்பானர், கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருக்கும். பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன், பரணில் தேடினேன், பீரோவுக்கு அடியில்கூடத் தேடினேன். “நீங்கதான் எங்கனயாவது வச்சிட்டு மறந்திருப்பீங்க” என்றாள் ரேணுகா, காய் நறுக்கிக்கொண்டே, தலை நிமிராமல். நானும் நம்பினேன். வைத்திருப்பேன், மறந்திருப்பேன், வேறு யார்? புதுசு வாங்கி வந்தேன். பழசில் கிடைத்த பிடிமானம் இதில் இல்லை, அதனால்தான் இன்று வேலை இப்படி ஆனதோ என்னவோ. பழியை ஸ்பானர்மேல் போடு, வெட்கமில்லாமல்.

முந்தலில் டீ குடிக்க நின்றிருந்தால்? மலை ஏறுவதற்கு முன்னால் கடைசிக் கடைகள் அங்கேதான். சில நாள் அங்கே நிற்பாள், அங்கிருந்து போன் பண்ணுவாள், டீ குடிக்கிறேன், ஏறப்போகிறேன் என்பாள். வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தானே போனாய், அதற்குள் என்ன டீ என்று ஒரு நாள் கேட்டேன். சும்மாதான் என்றாள். எல்லா நாளும் நிற்பதில்லை, சில நாள்தான். அது ஏன் சில நாள் மட்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியதுண்டு, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அங்கே யாராவது, சீ, என்ன புத்தி இது. அப்படி நின்ற நாள்களில் சாயந்தரம் அவள் நகக்கண்ணில் கறுப்பாகக் கிரீஸ் இருக்கும். செயின் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், செயின் கவரைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு எல்லாமே இன்னொரு பாகம் மாட்டினால் சரியாகிவிடும். இன்றைக்கு நிற்பாளா? ஐஸ் உருகிவிடும் என்று அவசரமாகத்தானே போனாள். நிற்க மாட்டாள். ஏறியிருப்பாள். முதல் வளைவு, ரெண்டாவது வளைவு. போல்ட் ஒரு விரற்கடை வெளியே வந்திருக்கும். குரங்குகள் கட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் பெட்டியின் கனம் வேறு. நான் திரும்பி வந்த அந்த நாலாவது வளைவில் அவள் திரும்பும்போது, வேண்டாம், ரேணுகா, மெல்லப் போ, பிரேக்கைப் பிடி, இல்லை, பிடிக்காதே, இறங்கிவிடு, இறங்கி ஓரமாக நில். இங்கே நின்றுகொண்டு நட்டிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்டாண்டு நட்டாக இருக்கட்டும். அவள் கிளம்பும்போது ஸ்டாண்டைக் காலால் தள்ளினாளே, டக் என்று மேலே போனது, ஆடவில்லை, ஆடாமல் போனதென்றால் அதில் நட்டு இருக்கிறது. அதில் நட்டு இருக்கிறதென்றால். இது இவ்வளவு நேரமும் எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரியாத மாதிரி தட்டைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். போகிறேன். யார் பார்த்துச் சிரித்தாலும் சிரிக்கட்டும், லுங்கியோடு போகிறேன், சாவி எங்கே, மொபெட் சாவி, கையிலேயே இருக்கிறது, இது நட்டு, சாவி எங்கே?

போன் அடித்தது. ரேணுகா.

“எங்க இருக்க? இறங்கிட்டியா? வண்டிய விட்டு இறங்கு மொதல்ல.”

“ஏங்க, கத்தாதீங்க. முந்தல்ல நிக்கிறேன். டீக்கடையில.”

படியில் உட்கார்ந்தேன். அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது, யாரோ சில்லறை கேட்டார்கள். அந்தச் சத்தமெல்லாம் அவ்வளவு நன்றாக இருந்தது.

“கீழ் லிங்க்குல நட்டு இல்லைங்க. போல்ட் பாதி வெளிய வந்து நிக்குது. அங்கன தட்டுல கெடக்கான்னு பாருங்க.”

“கெடக்கு. என் கையிலதான் இருக்கு.”

ஹெல்மெட்டை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது.

“உனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?” என்றேன்.

“நீங்க வண்டியில கை வச்ச அன்னைக்கெல்லாம் இங்கன நிறுத்தி, ஒருக்கா எல்லாத்தையும் முறுக்கிப் பாத்துட்டுத்தான் மேல ஏறுவேன்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க” என்றாள்.

சங்கடமாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்ததென்று கேட்டால் அதுவும் தெரியாது. அவளை நான் சந்தேகப்பட்ட டீக்கடை வாசலில், தரையில் குத்தவைத்து, என் வேலையை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்க்கிற அதே கையால். சும்மா இருந்தால் அழுதுவிடுவேன் என்று எதையாவது சொல்ல நினைத்தேன்.

“இந்தா, இப்பக் கெளம்பிட்டேன். பதினாலு ஸ்பானரையும் எடுத்துட்டு வர்றேன், அந்தப் புதுசு.”

“வேணாங்க. ஐஸ் உருகுது, நட்ட மட்டும் வெரசாக் கொண்டாங்க” என்றாள் ரேணுகா. “பழைய ஸ்பானர் எங்கிட்டத்தான் இருக்கு.”